துகள் இருந்தால் பழைய படமா?
ஒளிப்படச் சான்றும் செயற்கைத் துகளும் பற்றிச் சில குறிப்புகள்

ஆகஸ்ட் மாதம் பிறந்ததும் சமூக ஊடகங்களில் 'அரிய பழைய படங்கள்' உலவத் தொடங்குகின்றன. 1857 எழுச்சியின் வீரர்கள், சமஸ்தான அரசவைகள், சுதந்திர நாள் ஊர்வலங்கள் என்று பலவகை. அவற்றுள் சில மெய்யான ஆவணங்கள். வேறு சில அண்மையில் எடுக்கப்பட்டவை, அல்லது கணினியால் ஆக்கப்பட்டவை. இந்த இரண்டாம் வகைப் படங்களை உற்றுநோக்கினால் ஒரு பொதுக்கூறு தென்படும். வண்ணத்தை நீக்கி, மெல்லிய பழுப்பு ஏற்றி, படம் முழுவதும் நுண்மணல் தூவியதுபோன்ற புள்ளிகளைப் பரப்பியிருப்பார்கள். ஒளிப்படத் தொழிலில் இதைக் 'கிரெயின்' என்பர். இங்குத் 'துகள்' என்றே குறிப்பிடுகிறேன்.

எண்முறைப் படத்தில் துகளைச் சேர்ப்பது இன்று கைப்பேசியில் ஒரு விரல் அசைவில் முடிந்துவிடும் காரியம். அதை அழகியல் விருப்பம் என்று விட்டுவிடலாம். ஆனால் ஒளிப்படத்தை வரலாற்றுச் சான்றாகக் கையாளும் நமக்கு அது அவ்வளவு எளிய பொருளாக இல்லை. துகள் இருந்தால் படம் பழையது, பழையதாக இருந்தால் உண்மையானது என்னும் இரட்டை நம்பிக்கை நம் மாணவர்களிடமும் வேரூன்றியிருக்கிறது. இந்திய ஒளிப்பட வரலாற்றை வைத்துப் பார்த்தால் இவ்விரண்டும் பிழையானவை. துகள் ஒரு படத்தின் வயதைச் சொல்வதில்லை. அப்படம் எவ்வளவு விரைவான படச்சுருளில், எவ்வளவு சிறிய நெகட்டிவில் எடுக்கப்பட்டு, எத்தனை மடங்கு பெருக்கப்பட்டது என்பதையே அது சொல்கிறது.

1. துகள் எப்படி உண்டாகிறது

படச்சுருளின் மேற்பூச்சு ஜெலட்டினில் மிதக்கும் வெள்ளி ஹேலைடு படிகங்களால் ஆனது. வெள்ளி நைட்ரேட்டையும் பொட்டாசியம் புரோமைடு போன்ற உப்பையும் ஜெலட்டின் கரைசலில் இருட்டில் கலக்கும்போது இப்படிகங்கள் தோன்றுகின்றன. பின்னர் அக்குழம்பை வெப்பநிலை குன்றாமல் வைத்திருந்து 'பழுக்க' விடுவார்கள். பழுக்கும் காலம் நீளும்போது சிறு படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களோடு சேர்கின்றன. பெரிய படிகத்தின்மேல் ஒளி விழும் வாய்ப்பு மிகுதி. ஆகவே அது குறைந்த ஒளியிலும் பதிவாகும். படச்சுருளின் 'வேகம்' என்பது இதுதான். வேகம் வேண்டுமென்றால் படிகம் பெருக்க வேண்டும், படிகம் பெருத்தால் துகள் தெரியும். இவை ஒன்றைவிட்டு ஒன்று பிரியாதவை.

ஒளிபட்ட படிகங்கள் டெவலப்பரில் உலோக வெள்ளியாக மாறுகின்றன. தனிப்படிகம் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் அளவினது, கண்ணுக்குப் புலப்படாதது. நாம் காண்பது, படிகங்கள் ஒழுங்கின்றி ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் விலகியும் கிடப்பதால் உண்டாகும் திட்டுகளை. வண்ணச்சுருளில் வெள்ளி முற்றிலும் நீக்கப்பட்டு, அது இருந்த இடத்தில் சாயத் திட்டுகள் மட்டுமே எஞ்சுகின்றன.

கருத்தில் கொள்ள வேண்டியது ஒன்று. படச்சுருளில் துகள் என்பது படத்தின்மேல் படிந்த மாசு அன்று. முகமும் மதிலும் வானமும் அந்தத் துகள்களாலேயே ஆனவை. அவற்றை எடுத்துவிட்டால் படமே மிஞ்சாது.

2. துகளற்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு

கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் அதிகாரியும் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரருமான லின்னேயஸ் டிரைப், 1858-இல் தஞ்சை, மதுரைக் கோயில்களைப் படமெடுத்தார். அவர் பயன்படுத்தியது மெழுகேற்றிய காகித நெகட்டிவ். அப்படங்களில் ஒருவகை மென்மையும் இழைத்தன்மையும் உண்டு. அது வெள்ளித்துகளின் தடமன்று, காகித நாரின் தடம். தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒற்றைப் படமாக்கினார். மேலும், அக்கால நெகட்டிவில் வானம் வெறுமையாகப் பதிவாகும் என்பதால், சில நெகட்டிவ்களின்மீது தம் கையாலேயே மேகங்களை வரைந்தார். எடுத்த படத்தில் இல்லாததைச் சேர்ப்பது கணினியோடு தொடங்கிய வழக்கமன்று.

அதே 1858-இல் ஃபெலிசே பெயாட்டோ லக்னோவின் சிகந்தர் பாகை எடுத்தார். முன்தளத்தில் எலும்புகள் சிதறிக்கிடக்கும் அந்தப் படம் நம் பாடநூல்களுக்குப் பழக்கமானது. அங்கு நடந்த படுகொலை 1857 நவம்பரில். படம் எடுக்கப்பட்டது பல மாதங்கள் கழித்து. எலும்புகள் காட்சிக்காகப் பரப்பப்பட்டவை என்பதே ஆய்வாளர்களின் பொதுக்கருத்து. இப்படத்தில் துகள் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. விவரங்கள் மிகத் துல்லியமாகத் தெரிகின்றன. இருந்தும் அது உள்ளதை உள்ளபடி பதிந்ததாகாது.

லாலா தீன் தயாள் (1844–1905) ஐதராபாத் நிஜாமின் அரசவை ஒளிப்படக்காரர். அவருடைய கண்ணாடித் தகட்டு நெகட்டிவ்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை தில்லி இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தில் உள்ளன. அக்காலத் தகடுகளில் 8×10 அங்குலம் என்பது வழக்கமான அளவுகளுள் ஒன்று. அதே அளவுள்ள தாளைத் தகட்டோடு நேரடியாகப் பொருத்தி வெயிலில் வைத்துப் படி எடுப்பார்கள். உருப்பெருக்கம் என்பதே இல்லை. பெருக்கம் இல்லாத இடத்தில் துகள் கண்ணுக்குத் தெரிய வழியில்லை. அரண்மனைத் திரைச்சீலையின் நெசவும், தலைப்பாகை மணிகளின் ஒளியும் எண்ணி எடுக்கலாம்போல் அவற்றில் தெளிந்திருக்கும்.

எனவே 1857-ஐச் சேர்ந்தது என்று பகிரப்படும் படத்தில் கரடுமுரடான துகள் இருந்தால், அத்துகளே ஐயத்துக்குரிய முதல் அறிகுறி. அக்கால ஒளிப்படத்துக்குப் பல வினாடிகள் அசையாதிருக்க வேண்டும். ஓடும் குதிரையையும் வீசும் வாளையும் உறையவைத்த 1857-ஆம் ஆண்டுப் படம் இருக்க முடியாது.

3. சிறிய நெகட்டிவின் காலம்

துகளின் காலம் என்று ஒன்றைக் குறிக்க வேண்டுமானால் அதை 1925-இலிருந்து தொடங்கலாம். அவ்வாண்டில் லைக்கா கேமரா சந்தைக்கு வந்தது. அதன் நெகட்டிவ் 24×36 மில்லிமீட்டர். 8×10 அங்குலத் தகட்டின் பரப்பில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. அதிலிருந்து 8×10 அங்குலப் படி எடுக்க நீளவாக்கில் ஏழெட்டு மடங்கு பெருக்க வேண்டும். நெகட்டிவோடு துகளும் பெருகும். 1954-இல் கோடாக்கின் டிரை-எக்ஸ் 35 மி.மீ. சுருளாக வந்தபோது, விளக்கொளியிலும் மாலை மயக்கத்திலும் பிளாஷ் இன்றிப் படமெடுப்பது செய்தியாளர்களின் அன்றாடமாயிற்று. துகள் அவ்வசதிக்குக் கொடுத்த விலை.

இந்தியாவில் இம்மாற்றம் ஒரே சீராக நிகழவில்லை. 1947-இன் நிகழ்வுகளைப் பதிந்த ஹோமாய் வியாரவாலா ஸ்பீட் கிராஃபிக், ரோலிஃபிளெக்ஸ் போன்ற பெரிய நெகட்டிவ் கேமராக்களைக் கையாண்டவர். அவருடைய சேகரத்தைத் தில்லியின் அல்காஸி அறக்கட்டளை பேணுகிறது. சுதந்திரத் தருணத்தின் செம்மையான படங்கள் பல, நாம் கற்பனை செய்வதைவிட வழுவழுப்பானவை. 1971-இல் வங்கதேசப் போரைப் பதிந்த கிஷோர் பாரிக்கின் தலைமுறைக்கு வரும்போது நிலைமை வேறு. சிறிய கேமராவோடு ஓடி, கிடைத்த ஒளியில் எடுத்து, இருட்டறையில் கருமையை அழுத்தி அச்சிட்ட படங்கள் அவை. துகளும் அவசரமும் நேரடிச் சாட்சியமும் ஒன்றோடொன்று பிணைந்தது இங்குதான். 'துகள் நிறைந்த படம் பொய் சொல்லாது' என்ற உணர்வுக்கு இருபதாம் நூற்றாண்டின் போர்களும் தெருப் போராட்டங்களுமே ஊற்றுக்கண்.

அந்த உணர்வைக் கலைஞர்கள் விரைவில் கண்டுகொண்டார்கள். 1968-இல் ஜப்பானில் தொடங்கிய 'புரொவோக்' இதழின் ஒளிப்படக்காரர்கள் கரடும் குலுக்கலும் மங்கலும் தங்கள் மொழி என்று அறிவித்தார்கள். டெவலப்பரின் வெப்பத்தையும் நேரத்தையும் கூட்டித் துகளை வேண்டுமென்றே பெருக்குவது உலகெங்கும் இருட்டறைகளில் பயின்ற உத்தி. அதாவது, துகள் தற்செயலான விளைவாக இருந்த நிலை மாறி நடையாகிவிட்டது கணினிக்கு முன்பே.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் பிரித்தறிய வேண்டும். பழைய படங்கள் 'புள்ளிபுள்ளியாக' இருந்தன என்னும் நம் நினைவின் பெரும்பகுதி துகளால் ஆனதன்று, அச்சால் ஆனது. 1943 வங்கப் பஞ்சத்தைச் சுனில் ஜானா எடுத்த படங்கள் மக்களைச் சென்றடைந்தது செய்தித்தாளின் மலிவுத் தாளில், ஹாஃப்டோன் பிளாக் வழியாக. செய்தித்தாள் பிளாக்குகளில் அங்குலத்துக்கு 60 முதல் 85 வரிசைப் புள்ளிகள் இருக்கும். அப்புள்ளிகள் ஒழுங்கான கட்டத்தில் அமைந்து, அளவில் மட்டும் வேறுபடும். துகளோ எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாது. உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று கையிலிருந்தால் முதலாண்டு மாணவரும் இவ்வேறுபாட்டைக் காண முடியும். பார்த்துக்கொண்டிருப்பது மூலப்படமா, செய்தித்தாளிலிருந்து மறுபடி எடுக்கப்பட்டதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

4. உதகமண்டலத்து வெள்ளி

இந்தியாவில் துகளுக்கு ஒரு முகவரியும் இருந்தது. 1960-இல் நிறுவப்பட்ட மத்திய அரசின் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், உதகமண்டலத்தில் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. தூசு குறைந்த காற்றும் குளிர்ந்த தட்பவெப்பமும் அவ்விடத்தைத் தேர்ந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். கருப்பு-வெள்ளைச் சுருள், ஒளிப்படத் தாள், மருத்துவமனைகளுக்கான எக்ஸ்ரே ஃபிலிம் ஆகியவை 'இந்து' என்ற பெயரில் வெளிவந்தன. இந்து என்றால் நிலவு. வெள்ளியைப் பூசி வாழ்ந்த தொழிற்சாலைக்குப் பொருத்தமான பெயர்.

ஒளிபடக் கூடாத பொருளைச் செய்பவர்கள் இருளிலேயே பணிபுரிய வேண்டும். பூச்சுப் பிரிவின் தொழிலாளர்கள் தம் கைப்பழக்கத்தையும் ஒலியையும் நம்பியே அவ்வேலையைச் செய்தார்கள். நாட்டின் அந்நியச் செலாவணி நெருக்கடிக் காலத்தில் இறக்குமதிச் சுருள் எல்லோருக்கும் எட்டும் பொருளாக இல்லை. அந்த இடைவெளியில் சிற்றூர் ஸ்டூடியோக்கள் வரை சென்று சேர்ந்தது உள்நாட்டுச் சுருள். நம் குடும்பத் திருமணப் படங்களில், பள்ளிக் குழுப்படங்களில் இருக்கும் வெள்ளியில் ஒரு பங்கு நீலகிரியில் பூசப்பட்டது. 1990-களின் நடுவில் நலிவுற்ற நிறுவனமாகி, பின்னர் அது மூடப்பட்டது.

இன்றைய மென்பொருள்களில் டிரை-எக்ஸ், ஏக்ராஸ் போன்ற பெயர்களில் துகள் மாதிரிகள் கிடைக்கின்றன. அமெரிக்காவின், ஜப்பானின் படச்சுருள்கள் இவ்வாறு மறுபிறவி எடுத்துள்ளன. 'இந்து' அப்பட்டியல்களில் இடம்பெறும் பெயரன்று. நம் 'பழமை' விருப்பத்தைப் பிறநாட்டுச் சுருள்களின் துகளைக் கொண்டே நிறைவேற்றிக்கொள்கிறோம். எந்தத் துகள் நினைவுகூரப்படுகிறது, எது மறக்கப்படுகிறது என்பதும் வரலாற்றுக் கேள்விதான்.

5. 2010

ஒரே ஆண்டில் மூன்று நிகழ்வுகள். கோடாக்ரோம் வண்ணச்சுருளின் உற்பத்தி 2009-இல் நிறுத்தப்பட்டிருந்தது. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த கடைசிச் சுருளைப் பெற்ற ஸ்டீவ் மெக்கரி, அதன் 36 படங்களுள் சிலவற்றை மும்பையிலும் ராஜஸ்தானிலும் எடுத்தார். அச்சுருளைக் கழுவும் வசதி எஞ்சியிருந்த கடைசி இடமான அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து ஆய்வகம், 2010 டிசம்பர் இறுதியில் அப்பணியை முடித்துக்கொண்டது. அதே ஆண்டு ஜூனில் வெளிவந்த லைட்ரூம் மூன்றாம் பதிப்பில் துகள் சேர்ப்பதற்கான கருவி முதன்முறையாக இடம்பெற்றது. எவ்வளவு, எவ்வளவு பருமன், எவ்வளவு கரடு என்று மூன்று அளவுகோல்கள். அக்டோபரில் இன்ஸ்டாகிராம் வந்தது. பழைய சுருள்களின் சாயலைப் போலிசெய்யும் வடிகட்டிகளே அதன் ஈர்ப்பு.

இக்கருவிகளுக்கு முன்னோடிகள் உண்டு. ஃபோட்டோஷாப்பில் 1990-களிலேயே துகள் வடிகட்டி இருந்தது. ஆயினும் படச்சுருளின் மறைவும் அதன் சாயலின் பரவலும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன என்பது கவனத்துக்குரியது. துகளை உண்டாக்கிய காரணங்கள் மறைந்த பின் அதன் அடையாளம் மட்டும் தனியே பிரிந்து, எதன்மீதும் ஒட்டக்கூடியதாயிற்று. 2016-இல் ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்-புரோ2 கேமராவிலேயே துகளுக்கு 'வலிய', 'மெலிய' என்ற தேர்வுகள் வந்தபோது, படச்சுருள் செய்துவந்த நிறுவனமே தன் பழைய குறையைப் புதிய சிறப்பாக வழங்கியது.

6. செய்யப்படும் துகள்

எண்முறைக் கேமராவுக்கும் தனக்கென ஒரு கரடு உண்டு. அதை 'இரைச்சல்' என்கிறோம். ஒளித்துகள்களின் வருகையில் உள்ள இயல்பான ஏற்ற இறக்கத்தாலும், மின்சுற்றின் குறுக்கீட்டாலும் அது உண்டாகிறது. கைப்பேசிகள் இந்த இரைச்சலைத் துடைத்துத் தருகின்றன. துடைத்தபின் முகம் மெழுகுபோல் ஆகிவிடுகிறது. அந்த மெழுகுத்தன்மை பிடிக்காமல், அதன்மேல் போலித் துகளைத் தூவுகிறோம். படம் எடுக்கப்பட்ட சூழலின் உண்மையான தடத்தை அழித்துவிட்டு, எடுக்கப்படாத சூழல் ஒன்றின் தடத்தை அங்கே வைக்கிறோம்.

இதைச் செய்யும் முறைகள் மூவகை. முதலாவது, ஒவ்வொரு பிக்சலின் மதிப்பையும் தற்போக்கு எண்களால் சற்றே கூட்டியும் குறைத்தும் விடுவது. இரண்டாவது, உண்மையான சுருளை ஸ்கேன் செய்து அதன் துகளைப் படத்தின்மேல் போர்த்துவது. மூன்றாவது, துகள்களின் பரவலையே கணித முறையில் உருவாக்குவது. 2017-இல் நியூசன், டெலோன், கலெர்ன் ஆகியோர் வெளியிட்ட மாதிரியில், படத்தின் ஒளிர்வுக்கேற்ற அடர்த்தியில் வட்டங்கள் தற்போக்காகப் பரப்பப்பட்டு, அவற்றிலிருந்தே படம் மீண்டும் கட்டப்படுகிறது. படம் துகளால் ஆனது என்ற பழைய மெய்ம்மைக்கு மிக நெருங்கிய முறை இதுவே.

முதலிரண்டு முறைகளும் கவனமின்றிக் கையாளப்படும்போது அடையாளம் விட்டுச் செல்கின்றன. கருப்பு-வெள்ளைச் சுருளிலிருந்து அச்சிட்ட படத்தில் துகள் நடுச்சாயலில் தெளிவாகத் தெரியும், ஆழ்ந்த கருமையிலும் தூய வெண்மையிலும் அடங்கிவிடும். மலிவான செயலிகளின் துகளோ எல்லாச் சாயலிலும் ஒரே அடர்த்தியில் படர்ந்திருக்கும். ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வாட்ஸ்அப் போன்ற வழிகளில் படம் அனுப்பப்படும்போது நிகழும் சுருக்கம், மெய்த்துகள், போலித்துகள் இரண்டையுமே சிதைத்துக் கட்டம்கட்டமான கறைகளாக்கிவிடும். முன்னனுப்பப்பட்ட படத்தில் துகளைக் கொண்டு மட்டும் தீர்ப்புச் சொல்வது ஆபத்து.

இவ்வுத்திக்கு நேர்மையான பயன்களும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடலாகாது. வானம் போன்ற மென்சாயல் பரப்பில் தோன்றும் பட்டைகளை மெல்லிய துகள் மறைக்கும். இரு படங்களை இணைக்கும்போது இரண்டின் துகளும் ஒத்திருக்கவில்லையென்றால் ஒட்டு தெரிந்துவிடும். கிழிந்த பழம்படத்தின் விடுபட்ட மூலையை நிரப்புபவர் அங்கே துகளையும் சேர்த்தாக வேண்டும். காணொளிகளுக்கான 2018-ஆம் ஆண்டின் ஏவி1 முறையில், மூலத்தின் துகளை நீக்கிச் சுருக்கி அனுப்பி, பெறும் கருவியில் அதேபோன்ற துகளை மீண்டும் உண்டாக்க வழிவகை உள்ளது. அப்படி ஒளிபரப்பாகும் பழைய திரைப்படத்தில் நாம் காணும் துகள், அந்தச் சுருளில் இருந்த துகளே அன்று. ஏமாற்றும் நோக்கம் எவருக்கும் இல்லாதபோதும், சான்றும் சாயலும் இங்கே இடம் மாறிவிடுகின்றன.

7. ஆய்வு மேசையில்

ஒளிப்படத்தைச் சான்றாக முன்வைப்பவரிடம் நெகட்டிவைக் கேட்பது நம் நீதிமன்றங்களில் நெடுங்காலம் இருந்த வழக்கம். அக்கேள்வியை நம் ஆய்வேடுகள் பெரும்பாலும் கேட்டதில்லை. படத்தின் அடியில் 'நன்றி: இணையம்' என்று எழுதி நகர்ந்துவிடுகிறோம். கணினி உருவாக்கும் 'பழைய' படங்கள் ஆவணக்காப்பகப் படங்களோடு ஒரே தேடல் பக்கத்தில் தோன்றும் காலத்தில், அந்தப் பழக்கம் ஆய்வையே பொய்யாக்கிவிடக் கூடும்.

ஆய்வேட்டில் ஒளிப்படத்தைப் பயன்படுத்தும் மாணவ நண்பர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, படத்தின் பொருளை மட்டுமன்றி அதன் உடலையும் விவரியுங்கள். அது தகடா, காகித நெகட்டிவா, சுருளா? எந்த அளவு? நீங்கள் பார்த்தது நெகட்டிவையா, மூலப்படியையா, அச்சுப் பக்கத்தையா, திரையில் தோன்றிய கோப்பையா? இரண்டு, சொல்லப்படும் ஆண்டும் படத்தின் தொழில்நுட்பமும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தாத இடத்தில் அப்படம் தானாகவே பேசத் தொடங்கும். மூன்று, நீங்களே பழைய படத்தைத் திருத்தினால், இரைச்சல் நீக்கினாலும் துகள் சேர்த்தாலும், செய்ததைக் குறிப்பில் எழுதி, திருத்தாத ஸ்கேன் கோப்பையும் தனியே காப்பாற்றி வையுங்கள். டிரைப் வரைந்த மேகங்களை இன்று நாம் பிரித்தறிய முடிவது, அவர் தூரிகை தொட்ட நெகட்டிவ்கள் அழியாமல் கிடைத்திருப்பதால்.

நம் வீட்டு அலமாரிகளிலும் ஊர்களின் மூடப்பட்ட ஸ்டூடியோக்களிலும் நெகட்டிவ்கள் இன்னும் இருக்கின்றன. பூஞ்சை பிடித்தும் ஒன்றோடொன்று ஒட்டியும் அவை கெட்டுக்கொண்டிருக்கின்றன. வெள்ளிக்காக உருக்கப்பட்டுப் போனவையும் உண்டு. உங்கள் ஊரில் அப்படியொரு பெட்டி இருப்பது தெரிந்தால், உரியவரிடம் பேசி, அமிலமற்ற காகித உறையிலிட்டு, ஈரமில்லாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்வதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.